உதிர்ந்த இலையை அழுத்திப் பாருங்கள்

கேள்வி: கடந்த ஜனவரியில் பெங்களூரு லால்பாக்கின் குடியரசு தின மலர்க் கண்காட்சிக்குப் போனபோது, வெளியே சாலையோரத்தில் ஒரு ஜேடு செடி வாங்கி வந்தேன். எங்களுடையது சென்னையில் நான்காம் மாடி வீடு. மார்ச் வரை ஹாலின் கிழக்கு ஜன்னலோரத்தில் நன்றாகவே இருந்தது. ஏப்ரலில் பெரிய பீங்கான் தொட்டிக்கு மாற்றி, செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நிரப்பினேன். மே நடுவிலிருந்து இலை உதிர்கிறது. ஏ.சி. காற்று ஆகாது என்று ஒருவர் சொன்னதால் மேற்குப் பால்கனிக்கு மாற்றினேன். வெயிலுக்கு வாடுகிறதோ என்று இரண்டு நாளைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். 19:19:19 உரமும் இருமுறை கொடுத்தேன். இப்போது தினமும் ஐந்தாறு இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி போல ஆகி, தொட்டாலே விழுகின்றன. இதே ஊரில் என் தங்கை வீட்டு மொட்டைமாடியில் ஜேடு புதராக நிற்கிறது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இலை உதிர்வது வீட்டுக்கு ஆகாது என்று உறவினர் ஒருவர் வேறு சொல்கிறார். செடியைக் காப்பாற்ற முடியுமா? தங்கையிடமிருந்து ஒரு கிளை வாங்கி வைக்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்:

அன்புடையீர்,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த படங்களில், அடித்தண்டு இன்னும் நிறம் மாறாமல் விறைப்பாக நிற்பது தெரிகிறது. ஆகவே செடியைக் காப்பாற்றிவிடலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அதற்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உரப் பொட்டலத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

முதலில் ஒரு சிறு சோதனை. இன்று உதிர்ந்த இலைகளில் ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். தாகத்தால் உதிர்ந்த இலையாக இருந்தால் அது மெலிந்து, தோல் சுருங்கி, மடித்தால் உடையாமல் தோல்துண்டு போல வளையும். வெளிச்சம் போதாமலோ, இடம் மாற்றிய அதிர்ச்சியிலோ உதிர்ந்ததாக இருந்தால் பச்சை மாறாமல் கெட்டியாக இருக்கும். பார்த்தால் கிள்ளிப் போட்டது போலத் தோன்றும். மஞ்சளோடிக் கண்ணாடி போலாகி, அழுத்தியவுடன் தோல் வழுக்கிக்கொண்டு உள்ளிருந்து நீர் கசிந்தால், அது தேவைக்கு மேல் தண்ணீர் குடித்த செடியின் இலை. இலைத் திசுவின் அறைகள் உடைந்து நீர் வெளியேறியதால்தான் ஒளி ஊடுருவும் அந்தத் தோற்றம் வருகிறது. நீங்கள் எழுதியிருப்பது இந்த மூன்றாவது வகையைத்தான். படமும் அதையே சொல்கிறது.

இலை விழுந்த இடத்தையும் பாருங்கள். செடி தானே முடிவு செய்து ஓர் இலையை உதிர்க்கும்போது, காம்படியில் மெல்லிய ஓர் அடுக்கை உருவாக்கி அங்கேதான் கழற்றிவிடுகிறது. அப்படி உதிர்ந்தால் தண்டில் வெளிறிய, உலர்ந்த பிறைத் தழும்பு மட்டும் இருக்கும். அந்தத் தழும்பு ஈரமாக, பழுப்பாக, சற்றே குழிந்து இருந்தால் அழுகல் தண்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். உங்கள் படத்தில் தழும்புகள் உலர்ந்தே தெரிகின்றன. நான் நம்பிக்கை வைப்பதற்கு அதுவே முக்கியமான காரணம்.

தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடுவது எப்படி என்று கேட்கலாம். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகளெல்லாம் நாள்கணக்கில் நீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சடைத்துச் சாகிறது. செத்த வேரைப் பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்கள் அழுகச் செய்கின்றன. வேர் போனபின் தொட்டி நிறைய நீர் இருந்தும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. ஆகவே நுனி வாடித் தொங்குகிறது. பார்ப்பவர் தாகம் என்று எண்ணி இன்னொரு தம்ளர் ஊற்றுகிறார். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், மலைப்பகுதியிலிருந்து வந்திறங்கிய ஒரு தட்டு ஜேடு நாற்றுகளை இதே இரக்கத்தால்தான் கொன்றேன். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் வாரம் தட்டைத் தூக்கியபோது, வேரின் வெளித்தோல் சாக்கடை நாற்றத்தோடு உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல்போல ஓர் இழை மட்டும் மிஞ்சியது. அந்த நாற்றத்தை மறக்க முடியவில்லை.

இனி உங்கள் தங்கை வீட்டு ஜேடுக்கு வருவோம், ஏனென்றால் உங்களைக் குழப்பியது அதுதான். அது நீங்கள் வாங்கிய செடியே அல்ல என்பது என் கணிப்பு. நம் நர்சரிகளில் 'ஜேடு' என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று கிராசுலா ஒவாட்டா. நிமிர்ந்த பருத்த தண்டும், மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத தடித்த இலைகளும் கொண்டது. உங்களுடையது இது. மற்றொன்று போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. செம்பழுப்பு நிறமான மெல்லிய தண்டும், கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாகாத வட்ட இலைகளும் கொண்டு, கிளைகள் தாழ்ந்து படரும். தென்னாப்பிரிக்காவில் இதை 'ஸ்பெக்பூம்' என்பார்கள்; யானைகள் விரும்பித் தின்னும் புதர் அது. இரண்டுமே தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தவையாயினும், தாவரக் குடும்பம் வேறு, குணமும் வேறு. நமது மொட்டைமாடிகளில் கவனிப்பாரில்லாமல் புதராகி நிற்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அதற்குப் பொருந்தும் பராமரிப்பை உங்கள் செடிக்குச் செய்தால் பலிக்காது.

ஏன் பலிக்காது என்பதற்கு, இந்தச் செடிகள் மூச்சு விடும் முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். வறண்ட நிலத்துச் செடிகளான கிராசுலா வகையினர் பகல் முழுவதும் துளைகளை மூடிக்கொண்டு, நீர் ஆவியாகும் இழப்பு குறைவாக இருக்கும் இரவில் திறந்து, அந்த வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கிக் கொள்கின்றன. இரவின் அந்த அமிலத்தை நாவாலேயே கண்டுபிடித்தவர் நம் மண்ணோடு தொடர்புள்ள ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. தரங்கம்பாடிக்கு மறைப்பணியாளராக வந்து, பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, நீங்கள் போய்வந்த அதே லால்பாக் தோட்டத்தையும் சிலகாலம் கவனித்துக்கொண்ட பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு என்று அவர் எழுதிய குறிப்பு 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. (உங்கள் ஜேடை இப்படி மென்று பார்க்க வேண்டாம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதன் வாய்க்கும் எட்டாமல் வையுங்கள். அவற்றுக்கு அது ஒவ்வாது.)

இந்த இரவு வேலை நன்றாக நடக்க இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பெங்களூருவில் மே மாதத்தில்கூட அதிகாலை வெப்பம் ஏறத்தாழ 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும். சென்னையில் அதே மாதத்தில் ஏறத்தாழ 28 டிகிரியோடு நின்றுவிடும். இரவு சூடாக இருக்கும்போது செடி சேமிப்பது குறைகிறது, தான் உயிர்வாழச் செலவிடுவது கூடுகிறது. ஆகவே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கோடையைக் கண்மூடிக் கடக்கப் பார்க்கிறது. தங்கை வீட்டுப் போர்ட்டுலகேரியாவோ இரண்டு வழியும் தெரிந்தது. நீர் தாராளமாக இருந்தால் மற்றச் செடிகளைப் போலப் பகலிலும், வறட்சி வந்தால் இரவிலும் என்று மாற்றிக்கொள்ளும்.

வளராமல் உறங்கும் செடிக்கு நீர் மிகக் குறைவாகவே தேவைப்படும். அந்த நேரத்தில்தான் நீங்கள் தொட்டியைப் பெரிதாக்கினீர்கள், ஈரம் பிடிக்கும் மண்ணைக் கொடுத்தீர்கள், தண்ணீரையும் கூட்டினீர்கள். மேற்குப் பால்கனிக்கு மாற்றியதும் உதவவில்லை. பிற்பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் சுவரும் தரையும் நள்ளிரவு தாண்டியும் அனலை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். செடிக்குத் தேவையான இரவுக் குளிர்ச்சி அந்த இடத்தில் கிடைக்கவே கிடைக்காது. ஏ.சி.யைப் பற்றி உங்களிடம் சொன்னவரின் கருத்தில் பாதிதான் சரி. குளிர்காற்று நேராக முகத்தில் அடித்தால் எந்தச் செடிக்கும் ஆகாது. ஆனால் ஏ.சி. ஓடும் அறையின் ஒரு மூலையில், காற்று படாமல், ஜன்னல் வெளிச்சம் மட்டும் படும் இடத்தில் இருந்திருந்தால் இந்தக் கோடையை அது இன்னும் சுலபமாகக் கழித்திருக்கும்.

உறவினர் சொன்ன அறிகுறியைப் பற்றி ஒன்றே ஒன்று: போய்க்கொண்டிருப்பது வேர்தான், வீட்டின் நலம் அல்ல.

இனிச் செய்ய வேண்டியது. தொட்டியைச் சாய்த்து, தண்டை இழுக்காமல், விளிம்பைச் சுற்றிக் கரண்டிக் காம்பால் மண்ணைத் தளர்த்திச் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். வெளிமண்ணை உதிர்த்தபின், வேரின் நடுவே பழைய பிளாஸ்டிக் கப்பின் வடிவம் மாறாமல், காரை போல இறுகிய ஒரு பழுப்புக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நர்சரியில் நாற்றை வளர்த்த கோகோபீட் (தென்னைநார்த் துகள்) அது. இதைப் பிரிக்காமல் அப்படியே புதுத் தொட்டியில் வைப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும்போதும் உள்ளே இந்தக் கட்டி பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருக்கும்; அதுவே ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும். கட்டியை விரலால் கொஞ்சங்கொஞ்சமாகப் பிய்த்து எடுத்துவிடுங்கள். சில நல்ல வேர்கள் அறுந்தாலும் பரவாயில்லை.

பிறகு வேரைப் பாருங்கள். வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ இருந்து, நகத்தால் கீறினால் உள்ளே வெளுப்பாகத் தெரிந்தால் அது உயிருள்ள வேர். கறுத்துக் குழைந்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வருவதையெல்லாம் சுத்தமான பிளேடால் வெட்டிவிடுங்கள். வேரில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. குழாய்த் தண்ணீரில் வேரை நன்கு அலசிவிட்டுத்தான் உலர்த்த வேண்டும். தண்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, எங்காவது அமுங்கினால், அந்த இடத்துக்கு மேலே, வெட்டுவாயில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரியாத மட்டம் வரும்வரை துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போகவேண்டும்; ஒவ்வொரு வெட்டுக்கும் முன் பிளேடை ஸ்பிரிட்டால் துடைப்பது அவசியம். அடித்தண்டு சாம்பல் பழுப்பாகி மரப்பட்டை போல இருப்பதைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள், முதிர்ந்த ஜேடுக்கு அது இயல்பு.

சுத்தம் செய்த செடியை ஒரு செய்தித்தாளின்மேல் கிடத்தி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் நான்கைந்து நாள் அப்படியே விடுங்கள். வெட்டுக்காயத்துக்கு மஞ்சள்தூளும் பட்டைத்தூளும் தடவச் சொல்வார்கள். தடவினால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் காயத்தை ஆற்றுவது உலர்ந்த காற்றுதான். வேரில்லாமல் இத்தனை நாள் தாங்குமா என்று மனம் பதறும். தன் இலையிலும் தண்டிலும் வாரக்கணக்கில் போதுமான நீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி அது.

தொட்டியைப் பொறுத்தவரை, பீங்கான் தொட்டியை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, மெருகு பூசாத மண் தொட்டி ஒன்று வாங்குங்கள். அதன் சுவரே ஈரத்தை வெளியேற்றும். மிஞ்சிய வேர்ப்பந்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் போதும். வேர் எட்டாத மண் தொட்டியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் காயாமல் கிடந்து தொல்லை தரும். மண்கலவையில் மூன்றில் இரண்டு பங்கு கரடுமுரடான பொருளாக இருக்கட்டும். இதற்கு நான் பெரிதும் நம்புவது உடைத்த செங்கல். பழைய செங்கல்லைச் சுத்தியலால் தட்டி, கொத்தமல்லி விதையிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரையுள்ள துண்டுகளை மட்டும் சலித்தெடுத்து, தூள் போகும்வரை மூன்று நான்கு தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். தூளைச் சேர்த்துவிட்டால் அது இடுக்குகளை அடைத்துக் களிமண்ணாகிவிடும். எம்-சாண்டிலும் இதே சிக்கல் உண்டு. அலசாமல் போடவே கூடாது. பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல்துகள்) உடைத்த அடுப்புக்கரியும் கிடைத்தால் இதனோடு சேர்க்கலாம். மீதி ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமட்கு அல்லது நீங்கள் வைத்திருக்கும் செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்த மண். கலந்ததை ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து இறுகப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால், உருண்டையாக நிற்காமல் பொலபொலவென்று உதிர வேண்டும்.

நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் கூடாது. அதன்பின் ஒருமுறை, அடித்துளையில் வடியும்வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அடுத்து எப்போது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தென்னந்துடைப்பத்திலிருந்து காய்ந்த ஈர்க்கு ஒன்றை உருவி, தொட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். அதன் நிறம் கொஞ்சம் கறுத்திருந்தாலும், கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிந்தாலும் இன்னும் ஈரம் இருக்கிறது. முற்றிலும் உலர்ந்து வந்தபின்னும், கீழ் இலைகளில் லேசான சுருக்கம் தோன்றும்வரை இரண்டு நாள் பொறுப்பது நல்லது. சென்னை வெயிலில், நிழலில் வைத்த சிறு மண் தொட்டிக்கு இது பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை என்று அமையலாம். உங்கள் வீட்டுக் காற்றோட்டத்தைப் பொறுத்து மாறும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்து தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை பூத்தால், கிடைக்கும்போது மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜேடைப் பற்றிய புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர் நாடுகளில் தயாரானவை. கோடையில் நிறைய ஊற்று, குளிர்காலத்தில் நிறுத்து என்பார்கள். அங்கே அது சரி, ஏனென்றால் செடி அங்கே உறங்குவது பனிக்காலத்தில். சென்னையில் உங்கள் செடி வளரும் பருவம், மழை ஓய்ந்து இரவுகள் இதமாகும் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான். நீர், உரம், தொட்டி மாற்றம் எல்லாவற்றையும் அந்தக் காலத்துக்குத் தள்ளிவையுங்கள். இப்போது மாற்றச் சொல்வது அறுவைச் சிகிச்சை போன்ற கட்டாயத்தால் மட்டுமே. 19:19:19 உரத்தையும் ஜனவரியில், உறையில் குறித்திருப்பதில் கால் பங்கு வலிமையில், ஒருமுறை கொடுத்தால் போதும்.

வைக்கும் இடம், முன்பு இருந்த கிழக்கு ஜன்னலேதான். காலை வெயில் ஒன்பதரை, பத்து மணிவரை படலாம். நட்ட முதல் இரண்டு வாரம் அதையும் ஒரு மெல்லிய துணித்திரையால் வடிகட்டிக் கொடுங்கள், வேர் குறைந்த செடியால் நேர்வெயிலைத் தாங்க முடியாது. ஜன்னல் திட்டின் கல் சூடேறுமானால் தொட்டியை ஒரு மரப்பலகையின்மேல் தூக்கி வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சாரல் எட்டாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றே ஈரமாக இருக்கும் அந்த வாரங்களில் மாதம் ஒருமுறை தண்ணீரே அதிகமாகப் படலாம்.

இத்தனையும் செய்தபின்னும் இன்னும் பத்துப் பதினைந்து நாள் இலை விழும். ஏற்கெனவே கெட்டுப்போன இலைகள் அவை. பார்த்துப் பதறி மறுபடி இடத்தை மாற்ற வேண்டாம். கிளை நுனியில் உள்ள கடைசி ஜோடி இலைகள் மட்டும் பச்சையாக, விறைப்பாக நிற்கின்றனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அவை நின்றால் செடி நிற்கும்.

இருந்தாலும் கைக்காவலாக, செடியைப் பிரிக்கும் அன்றே, ஆரோக்கியமான கிளைகளில் இரண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, அதே மண்கலவையில் தனிக் கப்பில் நட்டு வையுங்கள். உதிர்ந்த இலைகளைத் தம்ளரில் சேர்த்து வைத்திருப்பதாகப் படத்தின் பின்னால் குறித்திருந்தீர்கள். கண்ணாடி போலானவற்றைக் கொட்டிவிடுங்கள், அவை முளைக்காது. பச்சையாக, காம்படி முழுமையாக இருப்பவற்றை உலர்ந்த கலவையின் மேல் சும்மா கிடத்தி வைத்தால், சில வாரங்களில் அடியில் இளஞ்சிவப்பு வேரும் ஒரு குருத்தும் எட்டிப் பார்க்கலாம்.

தங்கையிடமிருந்து ஒரு சாண் கிளை தாராளமாக வாங்கி வாருங்கள். நான் சொன்னதுபோல அது போர்ட்டுலகேரியாவாக இருந்தால், ஒரு வாரம் உலர்த்தி நட்டு வேர் பிடித்தபின், காலியாகும் உங்கள் மேற்குப் பால்கனியில் வைக்கலாம்; அந்த அனலை அது தாங்கும். பீங்கான் தொட்டியின் அடியில் துளை இருந்தால் அதிலேயே நடலாம், துளை இல்லாவிட்டால் முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள். ஜேடிலிருந்து நீக்கிய பழைய மண்ணை மட்டும் அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.